யன்னலோரத்தில் தைம் வளர்ப்போம்



கொழும்பிலிருந்து பெருவீதியால் கண்டிக்கு வருபவர்கள் கடுகண்ணாவைக் கணவாயை ஏறியே வரவேண்டும். 1820களில் இந்த மலையை வெட்டி வீதி போட்டார்கள். 1867 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதையும் இதே மலையைக் கடந்து கண்டியைச் சென்றடைந்தது. வீதியும் பாதையும் மலையை வென்றுவிட்டன என்று நாம் நீண்டகாலம் நினைத்திருந்தோம். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரத்துக் கடையொன்றின் மீது பாறையும் மண்ணும் சரிந்து உயிர்களைப் பறித்தன. அதே மாத இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்களுள் பலர் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் ஒரே இரவில் இழந்தனர்.

இது புதிய கதையல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே 17 ஆம் திகதி எமக்கு அண்மையிலுள்ள அரநாயக்கவிலும் இதையே கண்டோம். ஒவ்வொரு முறையும் பாடசாலை மண்டபம், பின்னர் தற்காலிகக் கொட்டில், பின்னர் எங்கோ ஒரு சிறு வீடு என்று விவசாயக் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மண்வெட்டி பிடித்த கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. இந்த இதழின் பாடம் அந்தக் கைகளுக்கானது.

இப்பாடத்தில் நாம் கற்கப்போவது ஒரு சிறிய விடயம்: தைம் என்னும் வாசனைச் செடியை வீட்டுக்குள், யன்னலோரத்தில், ஒரு பழைய ரின்னில் வளர்த்துப் பராமரிப்பது எப்படி என்பதே அது. அதனோடு அதன் உறவுக்காரியான எமது கற்பூரவள்ளியையும் சேர்த்துப் பார்ப்போம்.

1. எமது முதற் தோல்வி

முதலில் எமது தவறையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஓரிடத்துக்கு நலன்விரும்பி ஒருவர் தைம் நாற்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நாமும் மகிழ்ச்சியோடு வீட்டுக்கொன்றாகப் பகிர்ந்தளித்தோம். "தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சொல்லியும் கொடுத்தோம். மக்கள் சொன்னபடி செய்தார்கள். மூன்று வாரத்தில் பெரும்பாலான செடிகள் அடித்தண்டு கறுத்து, இலை உதிர்ந்து செத்துப்போயின.

ஒரு வீட்டில் மட்டும் செடி செழித்து நின்றது. அங்கிருந்த முதியவர் அந்தச் செடியை வாங்கும்போதே எம்மிடம் மனத்தாங்கலோடு பேசியவர். "ஏன் ஃபாதர், அரை ஏக்கர்ல போஞ்சியும் கறிமிளகாயும் போட்டவன் நான். இப்ப இந்த டின்னுல ஒரு புல்லைக் குடுத்து விவசாயம் பண்ணச் சொல்றீங்களா?" என்றார். எம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அதைக் கிழக்குப் பக்க யன்னலில் வைத்துவிட்டு, கோபத்தில் அப்படியே விட்டுவிட்டார். தண்ணீர் ஊற்றவில்லை. செடி பிழைத்தது!

பின்னர் அவரே அதைக் கவனிக்கத் தொடங்கினார். ஒருநாள் ரின்னைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு எமக்குச் சொன்னார்: "ஃபாதர், இது வரட்டுப் பூமியில பொறந்த செடி. டின்னு கனமா இருக்கிற வரைக்கும் தண்ணி கேக்காது. லேசானாத்தான் கேக்கும்." புத்தகம் படித்த நாம் மறந்ததை, மண் படித்த அவர் கண்டுபிடித்தார். இப்பாடத்தின் பாதி அவருடையது.

2. ஏன் தைம்?

காணியிழந்த குடும்பத்துக்கு மிளகாயும் தக்காளியும் அல்லவா வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெயிலும் இடமும் உள்ளவர்கள் அவற்றையே முதலில் நடுங்கள். ஆனால் ஓர் அறையும் ஒரு யன்னலும் மாத்திரம் உள்ளவர்களுக்குத் தைம் செடியில் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, அதற்குச் சிறிதளவு மண் போதும். ஒரு பால்மா ரின் அளவிலேயே அது வாழும்.

இரண்டாவது, அது ஒருமுறை காய்த்துவிட்டுப் போகும் பயிரல்ல. நன்கு பராமரித்தால் மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

மூன்றாவதே எமக்கு முக்கியம். இடம் மாறச் சொன்னால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். நட்டதை விட்டுவிட்டு வந்தோம் என்ற துயரம் இந்தச் செடிக்கு இல்லை. சரிவுக்குப் பின் வெளியேறிய தாயொருவர், அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்த பையிலேயே கற்பூரவள்ளிக் கிளையொன்றையும் செருகிக்கொண்டு வந்ததை நாம் கண்டோம். ஒரு வாரம் தண்ணீர்ப் போத்தலில் இருந்த அந்தக் கிளை வேர் விட்டது. இன்று அந்த வரிசையில் உள்ள வீடுகள் எல்லாவற்றிலும் அதன் பிள்ளைகள் நிற்கின்றன.

உலகின் வேறு மூலைகளிலும் இப்படித்தான். தைம் இனத்து வாசனைச் செடிகளை அரபு மக்கள் சஅத்தர் என்பர். இடம்பெயர்ந்த பாலஸ்தீன விவசாயிகளின் காலை உணவில் ரொட்டியும் ஒலிவ் எண்ணெயும் உலர்ந்த சஅத்தரும் இன்றும் இடம்பெறுகின்றன. லெபனானின் தலைநகர் பெய்ரூட்டின் அருகே, 1976 இல் அழிக்கப்படும்வரை இருந்த அவர்களது பெரிய அகதி முகாமொன்றின் பெயர் தல் அல்-சஅத்தர். அதன் பொருள் "தைம் மேடு" என்பதாகும். ஊரை இழந்தவர்கள் ஊரின் வாசனையை விடாமல் பிடித்துக்கொள்வது மனித இயல்பு.

3. செடியை அறிந்துகொள்வோம்

தைம், துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் அதே குடும்பம். ஒரு சாண் உயரத்துக்குப் புதர்போல வளரும். தண்டு மெல்லிய கம்பிபோல இருக்கும்; வயதானால் மரம்போல இறுகும். இலை ஓர் அரிசிமணி அளவுதான். கசக்கி முகர்ந்தால் ஓமத்தின் வாசனை நினைவுக்கு வரும். இது தற்செயலானதல்ல. ஓம விதையிலும் தைம் இலையிலும் தைமோல் என்ற ஒரே பொருள் உள்ளது. கற்பூரவள்ளி இலையின் காரமான வாசனைக்குக் காரணமான கார்வக்ரோல் என்பதும் தைமோலுக்கு உடன்பிறப்புப் போன்றதே. ஆகையால்தான் ஆங்கிலேயர் கற்பூரவள்ளியை "ஸ்பானியத் தைம்" என்றும் அழைத்தனர். சிங்கள அயலவர்கள் அதனைக் கப்பரவல்லியா என்பர்.

தைமின் பிறப்பிடம் மத்தியதரைக் கடலின் மேற்குக் கரையோரம். ஸ்பெயின், தென்பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் கல் நிறைந்த, சுண்ணாம்பு கலந்த, வறண்ட குன்றுகளில் அது தானாக வளர்கிறது. அங்கே கோடையில் மழை மிகக் குறைவு. எமது கண்டிப் பகுதியிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றரை அண்டிய மழை பெய்கிறது. கடுகண்ணாவை மேட்டில் பனியும் ஈரமும் காலைவரை நிற்கும். இதை மனத்தில் கொண்டால் மற்ற எல்லாம் எளிது. தைமுக்குத் தேவையானவை நிறைய வெயில், விரைவில் வடியும் மண், குறைந்த தண்ணீர், ஓடும் காற்று ஆகிய நான்குமே. எமது ஈரமான ஊரில் அதனை வெளியே மழையில் விடுவதைவிட வீட்டுக் கூரையின் கீழ் வைத்திருப்பது நல்லது என்பதன் காரணமும் இதுவே.

4. வெளிச்சம்: எந்த யன்னல்?

தைமுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியால வெயில் கிடைத்தால் மிக நன்று. நான்கு மணித்தியாலம் கிடைத்தாலும் பிழைக்கும். ஆனால் வாசனை குறையும்.

எமது பகுதியில் கிழக்கு நோக்கிய யன்னலே முதல் தெரிவு. காரணத்தைப் பாருங்கள். இடைப்பருவ மழைக் காலங்களான மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் மலைநாட்டில் காலை பளிச்சென்றிருக்கும். பிற்பகலில் இருண்டு மழை கொட்டும். மேற்கு யன்னலில் வைத்த செடிக்குக் கிடைக்கவேண்டிய வெயிலை மேகம் எடுத்துக்கொள்ளும். கிழக்கு யன்னல் செடி அதற்கு முன்னரே தன் பங்கைப் பெற்றுவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு யன்னலும் அக்காலத்தில் உதவும். ஆனியில் சூரியன் சற்று வடக்கே நிற்கும். அப்போது தெற்கு யன்னலுக்கு நேர் வெயில் இல்லை. பருவத்துக்கேற்ப ரின்னை இடம் மாற்றுவதில் தவறில்லை.

எவ்வளவு வெளிச்சம் உண்டு என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காலை பத்து மணியளவில் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். ஓர் அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியே தெரியும்படி கூர்மையான நிழல் விழுந்தால் அந்த இடம் தைமுக்கு ஏற்றது. நிழல் மங்கலாக விழுந்தால் அங்கே கற்பூரவள்ளியை வையுங்கள். அது அரை நிழலிலும் வாழும். நிழலே விழாவிட்டால் அந்த இடத்தில் எதையும் வைத்து ஏமாற வேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறை ரின்னைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். இல்லையேல் செடி வெளிச்சத்தை நோக்கி ஒருபக்கமாகச் சாயும்.

மின்விளக்கின் கீழ் வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். 15 வாற்று வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 12 மணித்தியாலம் எரிக்க வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 5.4 அலகு மின்சாரம் செலவாகும். பலர் சேர்ந்து ஒரு பொது மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு செடிகளை ஒரே விளக்கின் கீழ் வைத்தால் பயன் உண்டு. ஒரு செடிக்காக ஒரு குடும்பம் விளக்கெரிப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை.

5. பாத்திரமும் மண்ணும்

மண்சட்டி கிடைத்தால் அதுவே சிறந்தது. பக்கச் சுவராலும் ஈரம் ஆவியாகும். இல்லையேல் பால்மா ரின், பிஸ்கட் ரின், வெட்டிய எண்ணெய்க் கான், பெரிய பிளாஸ்டிக் போத்தல் எதுவும் போதும். ஆறு அங்குல ஆழம் இருக்கட்டும். அடியில் நான்கு ஐந்து துளைகள் இடுவது கட்டாயம். துளையில்லாத பாத்திரத்தில் வைத்த தைம் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி, நிற்குமா என்பதல்ல.

மண் கலவை:
- கழுவிய பரும்படி ஆற்று மணல் அல்லது பொடிக்கல் 2 பங்கு
- செம்மண் 1 பங்கு
- நன்கு உக்கிய கூட்டெரு அல்லது தும்புத்தூள் 1 பங்கு

உமிக்கரி கிடைத்தால் ஒரு பிடி சேர்க்கலாம். எமது மலைநாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. தைமோ சுண்ணாம்பு மண்ணில் பிறந்தது. ஆகவே ஒரு லீற்றர் கலவைக்கு அரைத் தேக்கரண்டி டொலமைற் சேருங்கள். தேயிலைக்கு இடும் அதே டொலமைற்றுதான். கண்டி, மாத்தளைப் பகுதிகளில் தோண்டி எடுக்கப்படுவது. கிடைக்காவிட்டால் இரண்டு முட்டைக் கோதுகளை நன்கு பொடியாக்கிக் கலந்துவிடுங்கள்.

கலவை சரிதானா என்று பார்க்க, ஈரமாக்கிக் கையில் பிடித்து நெரியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டைபோலப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மணல் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மண் எடுப்பதற்காகச் சரிவின் அடியையோ வீட்டுப் பின்புற மண்திட்டையோ வெட்டாதீர்கள். அடிவெட்டிய திட்டு மழைக்குத் தாங்காது என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

6. நடுகை

விதை: தைம் விதை மணலைவிடச் சிறியது. ஈரமான கலவையின் மேல் தூவி, மெதுவாக அழுத்திவிடுங்கள். மண்ணால் மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் உதவும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். வளர்ச்சி மெதுவானது. பொறுமையுள்ளவர்களுக்கே விதை.

துண்டு: பூக்காத இளங்கிளையில் மூன்று நான்கு அங்குலம் வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் நட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மணல் காயவும் கூடாது, ஊறி நிற்கவும் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பாருங்கள்; எதிர்த்தால் வேர் உண்டு. பத்துத் துண்டு நட்டால் நாலைந்து தப்பினாலும் அது வெற்றியே.

பதியம்: தாய்ச்செடியின் நீண்ட கிளையொன்றை வளைத்து, பக்கத்து ரின்னின் மண்ணில் படியவைத்து, கொண்டை ஊசியால் அல்லது மடித்த ஈர்க்கினால் குத்தி வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். ஆறு வாரத்தளவில் வேர் விட்டதும் வெட்டிப் பிரிக்கலாம். எமது அனுபவத்தில் ஈரமான மாதங்களில் இதுவே நிச்சயமான வழி. தாயின் பால் குடித்தபடியே பிள்ளை வளர்கிறது அல்லவா!

கற்பூரவள்ளிக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை. இரண்டு மூன்று கணு உள்ள கிளையை ஒடித்துச் செருகினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். செடி வளர்த்துப் பழகாத பிள்ளைகளை இதிலேயே தொடங்கச் செய்யுங்கள். கை பழகியபின் தைமுக்கு வரட்டும்.

7. தண்ணீர்: மிகுதியே எதிரி

இப்பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் இதை வைத்திருங்கள். வீட்டில் வளரும் தைம் தாகத்தால் சாவது அரிது. வெள்ளத்தால் சாவதே அதிகம்.

முதியவர் காட்டிய வழி இது. தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ரின்னைத் தூக்கி அதன் கனத்தைக் கையில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாட்களில் தூக்கிப் பாருங்கள். நன்றாக இலேசானபின் மட்டும் ஊற்றுங்கள். சந்தேகமானால் விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம்.

ஊற்றும்போது காலையில் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். துளைவழியே வெளிவரும்வரை ஊற்றி, அரை மணித்தியாலத்தின் பின் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வேரை அழுக வைக்கும். டெங்கு நுளம்புக்கும் தொட்டிலாகும். பெப்ரவரி, மார்ச் வரட்சியில் வாரத்துக்கு இருமுறை தேவைப்படலாம். அடைமழைக் காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறையும் போதும். நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள். ரின்னைப் பார்த்து ஊற்றுங்கள்.

உரம் மிகக் குறைவாக இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கொருமுறை கூட்டெருவை ஊறவைத்து வடித்த தண்ணீரை, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கரைத்து ஊற்றினால் போதும். யூரியா வேண்டாம். உரம் மிகுந்தால் செடி உயர்ந்து மெலியும். இலையில் வாசனை இராது.

8. காற்றும் நோயும்

அடுப்புப் புகை படியும் மூலையில் செடியை வைக்காதீர்கள். ரின்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மழை ஓய்ந்த நேரத்தில் யன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். மண்ணின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பொடிக்கல் பரப்பினால் அடியிலைகள் ஈர மண்ணைத் தொடாது.

சில அடையாளங்களைக் கவனியுங்கள்:

- அடித்தண்டு கறுத்து மென்மையானால் அது அழுகல். நுனியில் பச்சையான துண்டுகளை உடனே வெட்டி மணலில் நடுங்கள். தாய் போனாலும் பிள்ளை தப்பும். அந்த மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.
- இலையில் சாம்பல் நிறப் பூசணம் படிந்தால் அந்தக் கிளையை வெட்டி எறிந்து, செடியைக் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றுங்கள்.
- தண்டு நீண்டு இலைகள் தூரந்தூரமாக இருந்தால் வெயில் போதவில்லை.
- இலையில் நுண்ணிய வெளிர் புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரிந்தால் சிற்றுண்ணி. பஞ்சுபோல வெண்மை ஒட்டியிருந்தால் வெண்மூட்டுப் பூச்சி. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்து, மறுநாள் காலை நல்ல தண்ணீரால் கழுவிக் காற்றில் உலரவிடுங்கள். உண்ணும் இலை ஆகையால் கடைப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

ஐயம் இருப்பின் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். திணைக்களத்தின் தலைமையகம் எமக்கு அண்மையில் பேராதனையிலேயே உள்ளது. கேட்பது எமது உரிமை.

9. வெட்டுதலும் பயன்படுத்துதலும்

செடி ஒரு சாண் வளர்ந்தபின் வெட்டத் தொடங்கலாம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். பச்சை இலை உள்ள பகுதியில் வெட்டுங்கள்; மரம்போல இறுகிய அடித்தண்டில் வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பது கடினம். பூக்குமுன் வெட்டிய இலைக்கே வாசனை அதிகம். அடிக்கடி சிறிது சிறிதாக வெட்டினால் செடி புதர்போல அடர்த்தியாகும். இரண்டாம் ஆண்டிலேயே துண்டு எடுத்து அடுத்த செடியைத் தயார் செய்துவிடுங்கள்.

உலர்த்துவதற்குச் சிறு கட்டுகளாகக் கட்டி, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் வாசனை பறந்துவிடும். இலை கையில் நொறுங்கும் பதம் வந்ததும் உருவி, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். போத்தலின் உட்புறம் வியர்த்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். வெளியே எடுத்து மீண்டும் காயவிடுங்கள்.

பருப்பு, உருளைக்கிழங்கு, மீன், கோழி எதனோடும் தைம் சேரும். பருப்பு வேகும்போதே ஓரிரு கிளையைப் போட்டுப் பின் தண்டை எடுத்துவிடலாம். நிவாரணப் பொதியில் தொடர்ந்து வரும் ஒரே பருப்பும் ஒரே ரின்மீனும் சலித்துப்போன வீட்டில், இந்த ஒரு கிளை செய்யும் மாற்றத்தைத் தாய்மார் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தடிமனுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் எமது வீடுகளில் கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறு எடுப்பது வழக்கம். மேலைநாட்டார் தைமை அப்படியே பயன்படுத்துகின்றனர். ஒரு கோப்பைக் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலையிட்டு, பத்து நிமிடம் மூடிவைத்து வடித்துக் குடிக்கலாம். இது ஆறுதலுக்கே, மருத்துவருக்குப் பதிலல்ல. பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளிழுத்தால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கே கொண்டுசெல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கறியில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் தைம் எண்ணெய் மிகக் கடுமையானது. அதை எவரும் குடிக்கக்கூடாது.

10. விற்கலாமா?

கண்டியில் சுற்றுலா விடுதிகளும் உணவகங்களும் பல உண்டு. அவற்றின் சமையலறைகளுக்குப் பசுந்தைம் தேவைப்படுவதுண்டு. ஆயினும் முதலில் நட்டுவிட்டு, பின்னர் வாங்குபவரைத் தேடாதீர்கள். முதலில் போய்க் கேளுங்கள்: எவ்வளவு வேண்டும், எந்த நாளில் வேண்டும், என்ன விலை தருவார்கள்? தனியாக ஒருவர் வாரந்தோறும் ஒரே அளவைக் கொடுப்பது கடினம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் முடியும். ஒருவர் கணக்கெழுத, ஒருவர் கொண்டுசெல்ல, பணத்தை எல்லோர் முன்னிலையிலும் பகிருங்கள். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். ரின்னும் மணலும் துண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இலவசமாகத் தொடங்க முடியாத அளவுக்கு இத்தொழிலைப் பெருப்பிக்க வேண்டாம்.

11. ரின்னும் காணியும்

கடைசியாக, அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். "இந்த டின்னுல விவசாயம் பண்ணச் சொல்றீங்களா?" அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்கிறோம். இல்லை ஐயா. ரின் காணியாகாது. ஒரு குடும்பத்தின் வயிற்றை ஒரு தைம் செடி நிரப்பாது. யன்னலில் செடி வைத்திருக்கிறார்கள், ஆகவே இங்கேயே திருப்தியாக இருக்கிறார்கள் என்று எவரேனும் அறிக்கை எழுதினால் அதை நாம் ஏற்கமாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது என்று அறிவித்த நிலத்துக்குத் திரும்பச் சொல்லவும் மாட்டோம். பாதுகாப்பான மாற்றுக் காணி கேட்பதே நியாயம். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்து, உறுதிப்பத்திரம் எதுவும் கையில் இல்லாத குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். ஆகவே கிராம உத்தியோகத்தரின் கடிதம், இழப்பு விபரம், ஆபத்து வலய அறிவித்தல், பிரதேச செயலகத்தில் கொடுத்த மனுவின் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில், பொலித்தீன் பைக்குள் பத்திரப்படுத்துங்கள். திகதிகளை எழுதி வையுங்கள்.

அப்படியானால் ரின் எதற்கு? காணி கிடைக்கும் நாள்வரை கை பழக்கத்தை இழக்காமல் இருப்பதற்கு. ஆறு வயதுப் பிள்ளை, தன் பாட்டனார் ரின்னைத் தூக்கிக் கனம் பார்ப்பதைப் பார்த்து வளர்வதற்கு. மண்ணைத் தொடாமல் இரண்டு மூன்று ஆண்டு கழிந்தால், காணி கிடைத்த பின்னும் அதைச் செய்ய ஆளில்லாமற் போகும். அந்த முதியவர் பின்னர் அங்கிருந்து வேறிடம் மாற்றப்பட்டார். லொறியில் ஏறும்போது அவர் மடியில் இருந்தது அந்த ரின்தான். போகுமுன் நான்கு பதியங்களைப் பிரித்து அயல்வீட்டாருக்குக் கொடுத்திருந்தார்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது தங்குமிடத்தில் காலை வெயில் விழும் யன்னல்கள் எத்தனை? வெள்ளைத் தாள் சோதனையைச் செய்து, வீட்டுக்கு வீடு குறித்துக்கொள்வோமா?
2. எமது பழைய தோட்டத்தில் நாம் அறிந்திருந்தவற்றுள் எவற்றைப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை?
3. எமது காணி தொடர்பான பத்திரங்கள் யாரிடம், எங்கே, எந்த நிலையில் உள்ளன? யாருக்கு உதவி தேவை?
4. ஒருவர் செடி அழுகினால் துண்டு கொடுக்க எம்முள் யார் முன்வருவர்?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் துளையிட்ட ஒரு ரின்னையும் ஒரு கற்பூரவள்ளிக் கிளையையும் கொண்டுவரட்டும். கிளை இல்லாதவர்களுக்கு உள்ளவர்கள் கொடுக்கட்டும். அது வேர் பிடித்த பின்னர் தைமைத் தொடங்குவோம்.